செங்குன்றம் சாலைப் பண்ணையில் வாங்கிய பழக்கன்றுகள்: ஒரு மதிப்பீடு

சென்னையில் வீட்டுத் தோட்டத்துக்குப் பழக்கன்று வேண்டும் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் புறவழிச் சாலைகளிலும் வரிசையாக இருக்கும் செடிக் கடைகளுக்குப் போவது ஒரு வழி. செங்குன்றத்தைத் தாண்டிப் போய், கன்றைத் தங்கள் நிழல்வலைக்குக் கீழேயே ஒட்டுக் கட்டி வளர்க்கும் பண்ணைகளில் வாங்குவது இன்னொரு வழி. அப்படிப்பட்ட ஒரு பண்ணையில் கடந்த சில ஆண்டுகளாக நான் வாங்கிய கன்றுகளையும், அவர்கள் செய்து தரும் நடவுப் பணியையும் பற்றி இங்கே எழுதுகிறேன். பண்ணையின் பெயரைக் குறிப்பிடவில்லை. குறைகளும் சொல்ல இருக்கின்றன. அவற்றில் பல இந்த வட்டாரத்து நாற்றுப்பண்ணைகள் பலவற்றுக்கும் பொதுவானவை என்பதால், ஒருவரை மட்டும் சுட்டுவது நியாயமாகாது.

முதலில் என் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். பழமரம் பற்றிய எந்த மதிப்பீடும் மண்ணையும் தண்ணீரையும் பொறுத்தே பொருள்படும். அம்பத்தூர்ப் பக்கம் ஒன்றரைக் கிரவுண்டு மனை. வீடு போகப் பின்புறம் மரம் வைக்கும்படியாக ஓரளவு வெட்டவெளி இருக்கிறது. மேலே அரை அடிக்குச் செம்மண் நிரவல், அதன் கீழே களிமண், இரண்டுக்கும் நடுவே வீடு கட்டியபோது புதைந்த செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும். ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. வாளியின் உட்புறத்தில் வெள்ளையாகப் படியும். சென்னைப் புறநகரில் பெரும்பாலோருக்கு வாய்த்திருப்பது ஏறக்குறைய இதுதான் என்று நினைக்கிறேன். திருவான்மியூர், பெசன்ட் நகர்க் கடற்கரை மணலில் இருப்பவர்கள் நான் சொல்வதைச் சற்றே மாற்றி எடுத்துக்கொள்ள வேண்டும்.

சாலையோரக் கடைகளைவிட இந்தப் பண்ணையை நான் விரும்புவதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சென்னைக் கடைகளில் நிற்கும் பழக்கன்றுகளில் பெரும்பங்கு ராஜமுந்திரிக்கு அருகிலுள்ள கடியம் நாற்றுப்பண்ணைகளிலிருந்து லாரியில் வருபவை. மா ஒட்டுகள் கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூரிலிருந்தும் வருகின்றன. இரண்டும் பேர்பெற்ற ஊர்கள்தாம். அங்கே கட்டப்படும் ஒட்டில் குறையில்லை. ஆனால் நெருக்கி அடுக்கி, இரவெல்லாம் காற்றில் உலர்ந்து, இங்கே வந்து இறங்கியவுடன் கடை வாசல் வெயிலில் நிறுத்தப்படும் கன்று, வேரில் பாதியை இழந்த நிலையில்தான் நம் கைக்கு வருகிறது. வந்தபோது பச்சைப்பசேலென்று இருந்த இலை பத்து நாளில் உதிர்ந்துவிட்டது என்று பலர் வருந்துவதற்கு இதுவே காரணம். செங்குன்றம் பண்ணையில், வெளியிலிருந்து வரவழைக்கும் கன்றையும் இரண்டு மாதம் நிழல்வலைக்குள் வைத்து, புதுத் தளிர் விட்ட பிறகே விற்பனை வரிசைக்கு மாற்றுகிறார்கள். இந்தப் பொறுமைக்காகக் கன்றுக்கு ஐம்பது ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

மா ஒட்டுகளே இங்கே சிறப்பு. மாங்கொட்டை முளைத்து வந்த இளங்கன்றின் தலையைச் சீவி, தண்டை நடுவில் பிளந்து, நாம் விரும்பும் ரகத்துத் தாய்மரத்திலிருந்து எடுத்து ஆப்பு வடிவில் செதுக்கிய குச்சியை அதில் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றுகிறார்கள். கன்று வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான். மேல்தண்டும் கீழ்த்தண்டும் ஏறக்குறைய ஒரே பருமனில் இருக்க வேண்டும். சேர்ந்த இடத்தில் லேசான தடிப்பு இருக்கலாம், வெடிப்போ கருமையோ கூடாது. நாடா இன்னும் சுற்றியே இருந்தால், வீட்டுக்கு வந்ததும் பிளேடால் மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழித்து எடுத்துவிட வேண்டும். அப்படியே விட்டுவிட்டால் தண்டு பருக்கப் பருக்க நாடா உள்ளே அழுந்தி, அந்த இடம் மட்டும் இடுப்பு போல ஒடுங்கி நிற்கும். பிற்பாடு காற்றடிக்கும்போது மரம் முறிவது அங்கேதான். இந்தப் பண்ணையில் பழைய நாடாவோடு விற்பனைக்கு நின்ற கன்றுகளை நானே பார்த்திருக்கிறேன். ஒட்டுக் கட்டுவதில் இத்தனை கவனம் உள்ளவர்கள் நாடாவை நீக்குவதில் ஏன் அசட்டையாக இருக்கிறார்கள் என்பது புரியவில்லை.

அங்கே ஒட்டுக் கட்டும் வேலை செய்யும் அம்மா ஒருவர், பணம் கட்டிவிட்டுக் கிளம்பும் ஒவ்வொருவரிடமும் தவறாமல் ஒன்று சொல்வார்: “சார், ஒட்டுக்குக் கீழ இருந்து துளிர் வந்தா பாவம் பாக்காதீங்க, கிள்ளிப் போட்டுடுங்க. அத விட்டீங்கன்னா மேல இருக்குறது பட்டுப்போயிடும், கீழ இருக்குறதுதான் மரமா நிக்கும்.” இதைவிடப் பயனுள்ள அறிவுரையை எந்தக் கடையிலும் நான் கேட்டதில்லை. கீழிருந்து வரும் தளிர் நாம் வாங்கிய ரகம் அன்று, மாங்கொட்டையில் முளைத்த கன்றினுடையது. பெரும்பாலும் அது மேலே இருப்பதைவிடச் செழிப்பாகவும் வேகமாகவும் இருக்கும். பார்த்ததும் கன்று நன்றாக வளர்கிறது என்றே தோன்றும். பங்கனப்பள்ளி என்று வாங்கியது ஐந்தாறு ஆண்டு கழித்து நாரும் புளிப்புமான காயைக் காய்ப்பதற்குப் பல வீடுகளில் இதுவே காரணம்.

நான் நட்டவற்றில் நிறைவு தந்தது அம்ரபாலி. தசேரி, நீலம் என்ற இரண்டு மா ரகங்களைக் கலந்து டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாக்கிய குட்டை ரகம் அது. இரண்டரை மீட்டர் இடைவெளியில்கூட நடலாம் என்பதால் நகரத்து மனைக்கு ஏற்றது. பழம் சிறியது, உள்ளே ஆழ்ந்த ஆரஞ்சு நிறம், சர்க்கரை தூக்கல். ஓர் ஆண்டு காய்த்து மறு ஆண்டு ஓய்வெடுக்கும் பழக்கமும் இதற்குப் பெரிதாக இல்லை. பங்கனப்பள்ளியும் நன்றாகவே வருகிறது, ஆனால் அதற்கு இடம் வேண்டும். இமாம் பசந்த் என்று அட்டை கட்டிக் கொடுத்த கன்று காய்த்தபோது நீலம் ரகமாக இருந்தது. நீலம் மோசமான பழம் அன்று, என்றாலும் இரு மடங்கு விலை கொடுத்து அதை யாரும் வாங்க மாட்டார்கள். ரகத்தின் பெயரை அட்டையில் மட்டும் எழுதாமல் ரசீதிலும் எழுதித் தருமாறு கேளுங்கள். கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் “மா ஒட்டு – 1” என்று முடித்துவிடுகிறார்கள்.

கொய்யாவில்தான் இந்தப் பண்ணையோடு எனக்குக் கருத்து வேறுபாடு. லக்னோ 49, அலகாபாத் சஃபேதா, உள்ளே சிவந்த அர்கா கிரண் என்று நல்ல ரகங்களாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலானவை பதியன் போட்டு எடுத்தவை. கிளையில் பட்டையை வளையமாக நீக்கி, ஈரப்பாசி கட்டி, அங்கே வேர் விட்டதும் வெட்டி நடுவது பதியன். ரகம் மாறாது, சீக்கிரம் காய்க்கும், விலையும் குறைவு. எனினும் பதியன் கன்றுக்கு ஆணிவேர் கிடையாது. நம் ஊரில் வடகிழக்குப் பருவமழையில் மண் ஊறிக் கிடக்கும்போதுதான் புயலும் வருகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஆணிவேர் இருந்த மரங்களும் அன்று விழுந்தன என்பது உண்மைதான். ஆனால் ஆணிவேரே இல்லாத மரத்தைக் களிமண்ணில் திறந்த வெளியில் நடுவது தெரிந்தே துன்பத்தை வரவழைப்பதாகும். மதில் ஓரமாகக் காற்று மறைவு உள்ள இடமானால் பதியன் போதும். வெட்டவெளியானால் விதைக்கன்றின் மேல் ஒட்டிய கொய்யாவைக் கேட்டு வாங்க வேண்டும். இங்கே அது உண்டு, முன்னால் அடுக்கி வைப்பதில்லை, கொல்லைப்புற வரிசையில் இருக்கிறது. எந்தக் கன்றானாலும் தலைமட்டத்துக்கு மேல் போகவிடாமல் கவாத்து செய்துகொண்டிருந்தால், புதுக்கிளையில்தானே கொய்யா காய்க்கிறது, காயும் கூடும், காற்றுப் பிடியும் குறையும்.

சப்போட்டாவைப் பற்றிக் குறையே சொல்ல முடியாது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 ரகத்தைப் பாலை என்ற மரத்தின் கன்றின் மேல் ஒட்டித் தருகிறார்கள். பாலை மெதுவாக வளரும், ஆனால் வறட்சியையும் உப்பையும் தாங்கும். மேலே இருக்கும் சப்போட்டாவுக்கும் அந்தத் தாங்குதிறன் கிடைக்கிறது. கடலோரப் பகுதியில் கிணற்றுநீர் உவர்ப்பாக இருந்து, எலுமிச்சையும் மாவும் இலை நுனி கருகி நிற்கும் வீடுகளில் சப்போட்டாவும் தென்னையும் மட்டும் தெம்பாக இருப்பதைப் பார்க்கலாம். முதல் ஆண்டு கையளவுகூட வளராததைப் பார்த்து மனம் தளர வேண்டாம். மூன்றாம் ஆண்டில் காய் பிடிக்கும்.

எலுமிச்சைக்கு வரும்போது செலவை மிச்சப்படுத்தும் ஒரு செய்தி. இங்கே எலுமிச்சை ஒட்டுக்கன்றை நாட்டுக்கன்றைவிடப் பல மடங்கு விலையில் விற்கிறார்கள். நம் ஊர் எலுமிச்சையின் ஒரே விதையிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட முளை கிளம்பும். அவற்றில் பெரும்பாலானவை தாய்மரத்தின் திசுவிலிருந்தே உண்டாவதால் விதைக்கன்றும் தாயைப் போலவே காய்க்கும். ஆகவே நல்ல மரத்தின் விதைக்கன்றே போதுமானது. ஓரிரு ஆண்டு தாமதமாகக் காய்க்கும், அவ்வளவுதான். எலுமிச்சைக்கு உண்மையில் செலவிட வேண்டியது குழிக்கு. என் வீட்டில் எலுமிச்சை இலைகள் நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி வெளிறியும் வந்தபோது, பண்ணைக்காரர் இலையைக் கையில் வாங்கிப் பார்த்த உடனே, “குழியில சிமெண்டு இருக்கு பாருங்க” என்றார். தோண்டிப் பார்த்தால் அப்படியே இருந்தது. கட்டட இடிபாட்டில் உள்ள சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை உயர்த்திவிட, மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. இடிபாட்டைப் பொறுக்கி எறிந்து, செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் நிரப்பியபின் அடுத்த தளிர்கள் பச்சையாக வந்தன. உரக்கடையைப் போல டானிக் விற்காமல் காரணத்தைச் சொன்ன இந்த நேர்மைக்காகவே பண்ணைக்கு நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

மற்றக் கன்றுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். பாலூர் 1 பலா ஒட்டு தரமானது, ஆனால் தண்ணீர் தேங்கும் மனையில் நடவே கூடாது. பப்பாளியில் கோ 7, ரெட் லேடி போன்ற ரகங்களில் ஆண்மரத் தொல்லை இல்லாததால் அவற்றை வாங்கலாம். பெயர் தெரியாத நாற்றுகளில் பாதி, பூத்து உதிரும் ஆண்மரமாகப் போகும். மாதுளையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈரக்காற்றில் இலைப்புள்ளி, முறையற்ற ஈரத்தில் காய் வெடிப்பு என்று சென்னையில் அது உழைப்புக்கேற்ற பலன் தருவதில்லை.

இனி, பண்ணையின் வாசலிலேயே கண்ணைக் கவரும்படி வைத்திருக்கும் பெர்ரி வரிசைக்கு வருகிறேன். இங்கேதான் வாங்குவோர் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புளூபெர்ரி, ஸ்ட்ராபெரி, சமவெளி ஆப்பிள் என்று அழகான படத்தோடு கூடிய அட்டைகள் தொங்குகின்றன. புளூபெர்ரிக்கு மிகுந்த அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். அமிலக் குறியீடு (pH) 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்க வேண்டும். தொட்டியில் தென்னைநார்க் கழிவும் கந்தகமும் போட்டு அதை உண்டாக்கினாலும், நம் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்ற ஊற்றச் சில மாதங்களில் மண் காரத்துக்குத் திரும்பிவிடும். அதோடு, பூ எடுக்கக் குளிர்கால ஓய்வு தேவைப்படும் செடி அது. குளிர் குறைவாகத் தேவைப்படும் ரகங்கள் உண்டு என்றாலும், ஜனவரி இரவிலும் இருபது டிகிரியை ஒட்டியே நிற்கும் சென்னையில் அந்தக் குறைந்த குளிரும் கிடைப்பதில்லை. ஸ்ட்ராபெரி ஊட்டியிலும் கொடைக்கானலிலும் விளைவது. டிசம்பரில் வாங்கி வந்தால் தொட்டியில் நாலு பழம் காட்டிவிட்டு, மார்ச் வெயிலில் சுருண்டுவிடும். இவற்றை விற்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் இருநூறு, முந்நூறு ரூபாய் கொடுத்து ஆசையாக வாங்கும் பிள்ளைகளிடம், இது சென்னையில் தேறாது என்று ஒரு வார்த்தை சொல்வது விற்பவரின் கடமை. எலுமிச்சை இலையைப் பார்த்து உண்மை சொன்ன அதே பண்ணை, இந்த வரிசையில் வாய் திறப்பதில்லை. மங்குஸ்தானும் ரம்புத்தானும் இதே கதைதான். அவை நீலகிரி அடிவாரத்துக் கல்லாறு, பர்லியார் அரசுப் பழப்பண்ணைகளின் குளிர்ந்த ஈரக் காற்றில் வாழ்பவை. அக்னி நட்சத்திரத்துக் காய்ந்த காற்றில் இரண்டாம் நாளே இலை ஓரம் தீய்ந்துவிடும்.

சின்னச் சின்னப் பழங்கள் பறித்துத் தின்னப் பிள்ளைகளுக்கு ஒரு செடி வேண்டும் என்றால், அதே பண்ணையின் பின்வரிசையில் நூறு ரூபாய்க்கு நிற்கும் கன்றுகளைக் கேளுங்கள். முதலில் முசுக்கொட்டை. இப்போது மல்பெரி என்று சொன்னால்தான் கடையில் புரிகிறது. குச்சியை ஊன்றினாலே வேர் பிடிக்கும். கிளையை வெட்டி இலையை உருவிவிட்டால் புதுத் தளிரோடு பழமும் வரும். ஆண்டில் பலமுறை இதைச் செய்யலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: பட்டுப்புழு வளர்ப்புக்கான இலை ரகமா, பழத்துக்கான ரகமா என்று கேட்டு, முடிந்தால் காய் பிடித்த செடியாகவே வாங்குங்கள். அடுத்தது பார்படாஸ் செர்ரி. நம் வெயிலுக்குச் சளைக்காது, மழை ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்றுப் பூத்துக் காய்க்கும், வைட்டமின் சி மிக அதிகம். பறித்த ஓரிரு நாளில் கெட்டுவிடுவதால் கோயம்பேட்டிலோ பழக்கடையிலோ இந்தப் பழத்தைக் காண முடியாது. வீட்டில் மரம் வைத்திருப்பவருக்கு மட்டுமே கிடைக்கும் ருசி என்பதாலேயே, சிறிய தோட்டத்தில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். வேலியோரத்தில் களாக்காய் வைத்தால், முள் காவலுக்கு, காய் ஊறுகாய்க்கு. அரநெல்லியை யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பழைய சென்னை வீடுகளின் கிணற்றடியில் கொத்துக் கொத்தாகக் காய்த்து நின்ற அந்த மரம் இன்று அடுக்குமாடிகளுக்கு இடம் விட்டுக் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. கன்று இங்கே எழுபது ரூபாய்தான்.

நடவுப் பணிக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஆட்கள் சொன்ன நேரத்துக்கு வருகிறார்கள், வேலையிடத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகிறார்கள். ஆனால் அவர்கள் எடுக்கும் குழி போதாது. மாவுக்கும் சப்போட்டாவுக்கும் மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி என்பது தமிழ்நாட்டில் வழக்கமான பரிந்துரை. இவர்கள் பை உள்ளே போகும் அளவுக்குத் தோண்டி நிறுத்திக்கொள்கிறார்கள். பக்கத்தில் நின்று கேட்டால் மறுக்காமல் ஆழப்படுத்துகிறார்கள், ஆகவே கட்டாயம் நின்று பார்க்க வேண்டும். பையைக் கிழித்தவுடன் வேர்கள் அடியில் வட்டமாகச் சுற்றியிருக்கின்றனவா என்று பாருங்கள். சுற்றியிருந்தால் அவற்றை விரித்துவிடாமலோ வெட்டிவிடாமலோ நடக்கூடாது. ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேல் அரை அடியாவது இருக்கட்டும். என் வீட்டில் ஒரு கன்றை ஒட்டு மறையும் அளவுக்கு மண் அணைத்துவிட்டார்கள். சொன்னதும் உடனே திருத்திக் கொடுத்தார்கள்.

பெரிய பைகளில் எட்டடி உயரம் நிற்கும் மரங்களுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் என்று விலை சொல்கிறார்கள். புதுமனை புகுவிழாவுக்குத் தோட்டம் உடனே நிறைய வேண்டும் என்பவர்கள் வாங்கலாம். பழத்துக்காக வாங்குபவர்களுக்கு இரண்டடி உயர ஒட்டுக்கன்றே நல்லது. பையில் நெடுங்காலம் அடைபட்ட வேர் நிலத்தில் விரிய ஆகும் நேரத்துக்குள் சிறிய கன்று அதை எட்டிப் பிடித்துவிடும்.

எப்போது வாங்குவது என்பதிலும் பண்ணைக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. அவர்களுக்கு விற்பனை சூடு பிடிப்பது அக்டோபரில், மழை தொடங்கியதும். களிமண் மனைக்காரர்கள் அதுவரை காத்திருக்கக் கூடாது. சென்னைக்கு ஆண்டு முழுதும் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. வேர் பிடிக்காத கன்று அந்த மாதங்களில் தண்ணீரில் நின்றே அழுகும். ஆடி, ஆவணியில் நட்டுவிட்டால், அவ்வப்போது பெய்யும் மாலை மழையில் வேர் ஊன்றி, பெருமழை வரும்போது கன்று தயாராக இருக்கும். அந்த மாதங்களில் பண்ணையில் கூட்டமும் இல்லை. வரிசை வரிசையாக நடந்து, பையைத் தூக்கிப் பார்த்து, நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

பட்டுப்போன கன்றுக்கு ஒரு மாதத்துக்குள் மாற்றுக் கன்று தருவதாகப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். இரண்டு கன்றுகளுக்கு வாதமில்லாமல் மாற்றித் தந்தார்கள். ரகம் மாறிப்போன மாங்கன்றுக்கு மட்டும், காய்த்த பிறகுதானே தெரியும், இப்போது என்ன செய்ய முடியும் என்று கைவிரித்துவிட்டார்கள். ஒட்டுக்குச்சி எடுக்கும் தாய்மரங்களைப் பண்ணையிலேயே வளர்த்து, கேட்பவர்களுக்குக் காட்டினால் இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். அடுத்த ஆடியில் அதைத்தான் முதலில் கேட்கப்போகிறேன்.